நான் ஆமோதித்த குழாய்

எழுதுவதற்கு எனக்கு யோக்கியதை இல்லை என்பதை முதலிலேயே சொல்லி, படிப்பவர்களிடம் மன்னிப்புக் கேட்டுக்கொள்கிறேன். எழுதுகிறவர் படித்தவராக இருக்கவேண்டும். இல்லாவிட்டால் நாலு பேர் முன்னால் பேசத் தெரிந்தவராகவாவது இருக்கவேண்டும். நான் எட்டாம் வகுப்போடு நிறுத்திக்கொண்ட தையற்காரன். நாலு பேர் முன்னால் என் நாக்கு மேலண்ணத்தில் ஒட்டிக்கொள்ளும். மூன்று பேர் என்றால் ஒருவாறு சமாளிப்பேன்.

ஒரு காலத்தில் நான் நகரசபை உறுப்பினராக இருந்தேன். அப்போது வந்த அஜண்டாத் தாள்கள் ஒரு கட்டு வீட்டுப் பரணில் கிடக்கின்றன. ஒரு பக்கம்தான் எழுத்து, மறுபக்கம் வெள்ளை. "துணியை வீணாக்காம வெட்டத் தெரியுதுல்ல, தாளை மட்டும் ஏன் கரையானுக்குக் குடுக்கறீங்க? உக்காந்து எதையாவது எழுதுங்க" என்றாள் என் மனைவி. ஆகவே இதில் பிழை இருந்தால் பாதி அவளைச் சேர்ந்தது.

ஐம்பதுகளின் கடைசியில் பாலக்கரையில் ஒரு சந்து முனையில் எனக்குத் தையல் கடை இருந்தது. இன்றும் அதே கடைதான். அந்தச் சமயம் நகரசபைத் தேர்தல் வந்தது. எங்கள் வார்டில் இரண்டு பேர் மோதினார்கள். ஒருவர் மரக்கடை முதலாளி, மற்றவர் அரிசி மண்டி முதலாளி. இருவருக்கும் நான்தான் சட்டை தைப்பேன்.

மரக்கடை முதலாளி ஒருநாள் அளவு கொடுக்க வந்தார். மார்பைச் சுற்றி டேப்பைப் பிடித்துக்கொண்டிருந்தபோது, கைகளைத் தூக்கியபடியே சொன்னார்.

"தம்பி, நீ இந்தத் தேர்தல்ல நிக்கணும்."

"நானாங்க?"

"ஜெயிக்கறதுக்கு இல்லப்பா. சும்மா நில்லு. இந்த ரெண்டு தெருவும் மண்டிக்காரன் பக்கம். நீ நின்னா கொஞ்சம் ஓட்டு உன் பக்கம் ஒதுங்கும். எனக்கு அது போதும்."

இல்லை என்று சொல்ல எனக்கு வராது. "சரிங்க" என்றேன்.

இரண்டு நாள் கழித்து அரிசி மண்டி முதலாளி வந்தார். அவரும் அதையே சொன்னார், தெருக்களை மட்டும் மாற்றிச் சொன்னார். அவரிடமும் "சரிங்க" என்றேன். ஒரே தேர்தலில் நிற்க இரண்டு தடவை ஒப்புக்கொண்டவன் இந்த ஊரில் நான் ஒருவனாகத்தான் இருப்பேன்.

எனக்குக் குடைச் சின்னம் கிடைத்தது. நான் ஓட்டுக் கேட்டு ஒரு வாசற்படியும் ஏறவில்லை. ஆனால் மரக்கடை ஆட்கள் மண்டிக்காரர் செல்வாக்குள்ள தெருக்களில் போய், "எங்களுக்குப் போட மனசில்லன்னா பரவாயில்ல, குடைக்காவது போடுங்க, நல்ல மனுசன்" என்று சொன்னார்கள். மண்டி ஆட்கள் மரக்கடைக்காரர் தெருக்களில் அதையே சொன்னார்கள். இப்படி வார்டு முழுவதும் எனக்காக இரண்டு கட்சியும் வேலை செய்தன. எண்ணி முடித்தபோது குடை ஜெயித்திருந்தது. மாலையோடு ஒரு கூட்டம் கடைக்கு வந்தது. நான் பித்தான் தைத்துக்கொண்டிருந்தேன். வழி தவறி வந்துவிட்டார்கள் என்று நினைத்து, மண்டிக்குப் போகும் வழியைச் சொன்னேன்.

அடுத்த தேர்தலின்போது இரண்டு முதலாளிகளும் தனித்தனியே வந்து, "இந்தத் தடவை தயவுசெஞ்சு நிக்காதே" என்றார்கள். இருவரிடமும் "சரிங்க" என்றேன். என் பொது வாழ்வு ஆரம்பித்ததும் முடிந்ததும் அவ்வளவுதான். நடுவில் நடந்ததைத்தான் சொல்ல வந்தேன்.

எங்கள் சந்தில் ஐம்பது வீடு இருக்கும். எல்லாருக்கும் சேர்த்து மூலையில் ஒரே ஒரு குழாய். காலை ஐந்திலிருந்து ஏழு வரை தண்ணீர் வரும். முந்தின இரவே கல்லையும் உடைந்த பானையையும் வைத்து இடம் பிடிப்பார்கள். எந்தக் கல் யாருடையது என்பதில் விடியற்காலையில் வழக்கு நடக்கும். சந்தின் கடைசியில் இன்னொரு குழாய் வந்துவிட்டால் பாதிச் சண்டை தீரும் என்பது எல்லாருக்கும் தெரியும்.

நான் ஜெயித்த அன்று சாயங்காலமே பெண்கள் என் மனைவியைச் சூழ்ந்துகொண்டார்கள். அவள் கொஞ்சமும் யோசிக்காமல் வாக்குக் கொடுத்துவிட்டாள்.

"கடைசியில ஒரு குழாய் கண்டிப்பா வரும். எங்க வீட்டுக்காரர் பேசமாட்டார். ஆனா செய்வார்."

நான் பேசமாட்டேன் என்பதற்குச் சாட்சி தேவையில்லை. செய்வேன் என்பதை அவள் முகத்துக்காக நம்பினார்கள்.

வார்டுக்காரர்களும் என்னிடம் பேச வெட்கப்பட்டார்களோ என்னவோ, மனுக்களைத் துணியோடு சேர்த்துக் கொடுத்தார்கள். தைக்கக் கொடுக்கும் துணிக்குள் மடித்து வைத்திருப்பார்கள். தெருவிளக்கு எரியவில்லை என்ற ஒரு மனுவைக் கவனிக்காமல் கோட்டின் உள்துணிக்குள் வைத்துத் தைத்துவிட்டேன். அவர் அந்தக் கோட்டைப் போட்டுக்கொண்டு ஆறு மாதம் அதே இருட்டில் நடந்தார்.

முதல் கூட்டத்தன்று சேர்மன் என்னைப் பார்த்து, "புது மெம்பர் ரெண்டு வார்த்தை சொல்றீங்களா?" என்றார். எழுந்தேன். மேஜையைப் பிடித்துக்கொண்டேன். உட்கார்ந்தேன். பக்கத்து நாற்காலியில் இருந்த தோல் மண்டி பாய் அனுபவஸ்தர். பெரும்பாலும் கண்ணை மூடியிருப்பார், காது திறந்திருக்கும். அவர் என் பக்கம் சாய்ந்தார்.

"தம்பி, நீங்க ஏன் கஷ்டப்படறீங்க? இங்க ஒருத்தர் ஒண்ணைப் பிரேரேபிச்சா இன்னொருத்தர் எழுந்து ஆமோதிக்கணும். அப்பத்தான் அது செல்லும். நீங்க 'ஆமோதிக்கிறேன்'னு சொல்லிட்டு உக்காந்துடுங்க. ஒரே வார்த்தை. மினிட் புஸ்தகத்துல பேர் ஏறிடும், வீட்டுல காட்டலாம்."

எனக்கு அது அமிர்தமாக இருந்தது. அன்றே பதினோரு தடவை ஆமோதித்தேன். நடவடிக்கைக் குறிப்பின் நகலைக் கொண்டுபோய் மனைவியிடம் காட்டினேன். அவள் முழுவதும் படித்துவிட்டு, "இதுல குழாய் எங்க?" என்றாள்.

அதன்பிறகு சபையில் எனக்கு நல்ல பெயர் வந்தது. யார் எதைக் கொண்டுவந்தாலும் முதல்நாள் மாலை கடைப்பக்கம் வந்து, "நாளைக்கு நம்மளதைக் கொஞ்சம்..." என்பார்கள். "சரிங்க" என்பேன். சேர்மன் ஒரு பொருளைப் படிக்க ஆரம்பிக்கும்போதே கண் என் பக்கம் திரும்பிவிடும். ஒரு கூட்டத்தில் பூங்காவில் ரேடியோ வைக்கவேண்டும் என்பதையும் ஆமோதித்தேன், வைக்கவே கூடாது என்ற திருத்தத்தையும் ஆமோதித்தேன். கொண்டுவந்த இருவரும் தனித்தனியே வந்து எனக்கு நன்றி சொன்னார்கள்.

குழாயையும் நான் மறக்கவில்லை. பேச வராவிட்டாலும் நாலு வரி எழுத வரும். ஒரு மனு எழுதி, சேர்மனுக்குக் கோட்டு அளவு எடுக்கும்போது அவர் கையிலேயே கொடுத்தேன். சந்துக் கடைசியில் குழாய் போட அனுமதி கிடைத்தது. பைப் பதிக்கவேண்டியதுதான் பாக்கி. குழாய் வரப்போகும் இடத்தைப் பெண்கள் கூட்டிப் பெருக்கி, தினமும் அங்கே கோலம் போட ஆரம்பித்தார்கள். என் மனைவி சந்தில் நடக்கும் நடையே மாறிவிட்டது.

இனிமேல் நடந்ததை எழுத எனக்கு இன்றும் கூச்சமாக இருக்கிறது.

பக்கத்து வார்டு உறுப்பினர் ஒரு வக்கீல். அவர் மகன் கல்யாணத்துக்கு என்னிடம் கோட்டுத் துணி கொடுத்திருந்தார். உயர்ந்த துணி. அன்று காலையில் அதன் இடது கையை ஒரு அங்குலம் குட்டையாக வெட்டிவிட்டேன். சபையில் உட்கார்ந்திருந்தேனே தவிர, என் மனம் முழுவதும் அந்தக் கையில்தான் இருந்தது. பட்டி வைத்துச் சமாளிக்கலாமா, சொல்லிவிடலாமா, ஊரைவிட்டே போய்விடலாமா என்று யோசித்துக்கொண்டிருந்தேன். அந்த வக்கீலே எழுந்தார். அவர் முகத்தைப் பார்க்கப் பயந்து மேஜையைப் பார்த்தேன். அவர் வேகமாகப் படித்தார். ஏதோ மெயின் பைப், அழுத்தம், மார்க்கெட் வாசல் என்று காதில் விழுந்தது. அவர் வாய் மூடுவதற்குள், அவரைக் குளிரவைக்க ஒரு வாய்ப்பு என்று எண்ணி, வழக்கத்தைவிட உரக்கச் சொன்னேன்.

"ஆமோதிக்கிறேன்!"

சபையில் எல்லாத் தலைகளும் என் பக்கம் திரும்பின. அப்போதே எனக்கு உறைத்திருக்கவேண்டும். "நிறைவேறியது" என்றார் சேர்மன்.

பாய் கண்ணைத் திறந்தார். "தம்பி, அது உங்க குழாயில்ல?"

எங்கள் சந்துக்கு அனுமதித்த குழாயை வக்கீலின் வார்டில் உள்ள மார்க்கெட் வாசலுக்கு மாற்றும் தீர்மானம் அது. அதை ஆமோதித்த ஒரே ஆள் நான்; சந்துக்காரனே ஆமோதித்தபிறகு வேறு யார் ஆட்சேபிப்பார்கள்?

கூட்டம் முடிந்து வெளியே வந்ததும் வக்கீல் என் கையைப் பிடித்துக் குலுக்கினார். "பெரிய மனசுங்க உங்களுக்கு" என்றார். குலுக்கியது இடது கை. எனக்கு மறுபடியும் கோட்டு ஞாபகம் வந்தது.

நான் வீடு போவதற்குள் செய்தி போய்ச் சேர்ந்திருந்தது.

"ஏங்க, நம்ம குழாயை மார்க்கெட்டுக்குக் குடுத்துட்டீங்களாமே?"

"குடுக்கலை. ஆமோதிச்சேன்."

"யாரு கேட்டா?"

"யாரும் கேக்கலை. பழக்கம்."

அவள் கத்தியிருந்தால் தேவலை. சமையலறைக்குப் போய் இரண்டு பித்தளைக் குடத்தைக் கொண்டுவந்து என் முன்னால் வைத்தாள்.

"ஐம்பது வீட்டுக்கும் வாக்குக் குடுத்தவ நான். இனிமே எந்த மூஞ்சியோட அந்த வரிசையில போய் நிப்பேன்? காலையில அஞ்சு மணிக்கு நீங்களே போங்க. குழாய் வர்ற வரைக்கும் நீங்கதான்."

போனேன். அந்த நாளில் எங்கள் சந்தில் ஆண்பிள்ளை யாரும் குழாயடிக்குப் போனதில்லை. நான் போனதும் பேச்சு நின்றது, பிறகு ஆரம்பித்தது.

"கவுன்சிலர் அண்ணே, வாங்க. மார்க்கெட்டுக் குழாயில தண்ணி நல்லா வருமாமே, அங்க போகலியா?"

"அவரை ஏண்டி சொல்றே? பாவம், தாராள மனசு. அண்ணே, நான் உங்களுக்கு முன்னாடி நின்னுக்கறேன். ஆமோதிக்கறீங்களா?"

"நில்லுங்கம்மா" என்றேன். அது பெரிய தவறு. பின்னால் இருந்தவர்கள் ஒவ்வொருவராக, "நானும் நின்னுக்கறேன் அண்ணே, ஆமோதிங்க" என்று முன்னால் போனார்கள். ஏழு மணிக்குத் தண்ணீர் நின்றபோது நான் கடைசியில் இரண்டு காலிக் குடங்களோடு நின்றேன். மறுநாள் ஒரு குடம் கிடைத்தது. அதைத் தோளில் வைத்துக்கொண்டு வந்ததில் பாதி என் காதுக்குள் போயிற்று. வீட்டில் ஒரு வார்த்தை பேச்சில்லை. சந்துக் கடைசியில் கோலமும் நின்றுபோயிருந்தது. அதைப் பார்த்துக்கொண்டு போவதுதான் எனக்குக் குடத்தைவிடக் கனமாக இருந்தது.

நகரசபை குமாஸ்தாவிடம் போய் வழி கேட்டேன். நிறைவேறிய தீர்மானத்தை மூன்று மாதம் தொடக்கூடாதாம். தொடவேண்டுமானால் பாதிப் பேராவது கையெழுத்துப் போட்டு எழுதிக் கொடுக்கவேண்டுமாம். மூன்று மாதம் பொறுத்தால் பைப் மார்க்கெட்டுக்குப் போய்விடும். கையெழுத்து வாங்கக் கிளம்பினேன். பாய் முதலில் போட்டார். ரேடியோ வேண்டும் என்றவர் போட்டார், வேண்டாம் என்றவரும் போட்டார். ஒருவர் தாளைப் படிக்காமலே போட்டார். அவர்மேல் எனக்குத் தனிப் பாசம் வந்தது. பாதிக்கு மேலேயே சேர்ந்துவிட்டது.

தாளைக் கொண்டுபோய்க் கொடுத்தபோது குமாஸ்தா சொன்னார். "எல்லாம் சரிங்க. ஆனா கூட்டத்துல நீங்கதான் எழுந்து பிரேரேபிக்கணும். காரணமும் சொல்லணும்."

வீட்டில் சொன்னேன். மனைவி அன்றுதான் மறுபடியும் வாய் திறந்தாள். "ஸ்ரீரங்கத்துக்குப் போங்க. எங்க அண்ணன்கிட்ட பேசக் கத்துக்கிட்டு வாங்க."

அவள் அண்ணன் ஸ்ரீரங்கத்தில் பூக்கடை வைத்திருந்தார். அந்த ஊரில் எந்தக் கூட்டம் நடந்தாலும் நன்றி சொல்ல அவரைத்தான் கூப்பிடுவார்கள். வேறு எதுவும் பேசிப் பழக்கமில்லை. ஒரு ஞாயிற்றுக்கிழமை சைக்கிளை மிதித்துக்கொண்டு பாலம் தாண்டிப் போனேன். அவர் என்னைக் காவிரி மணலுக்கு அழைத்துப் போய் ஓரிடத்தில் நிறுத்தினார். தான் ஐம்பது அடி தள்ளிப் போய் நின்றார்.

"மாப்ளே, சத்தம் வயித்துலேர்ந்து வரணும். ஆரம்பிங்க."

"தலைவர் அவர்களே..."

"கேக்கலை!"

"தலைவர் அவர்களே!"

குளித்துக்கொண்டிருந்த ஒருவர் திரும்பிப் பார்த்தார். "என்னையாங்க கூப்பிட்டீங்க?"

"இல்லைங்க, மன்னிச்சுக்குங்க" என்றேன்.

"விடாதீங்க மாப்ளே!" என்று மைத்துனர் கத்தினார். "அவர்தான் இப்ப சேர்மன். அவர்கிட்ட சொல்லுங்க!"

அந்த மனிதர் ஈரத் துண்டோடு வந்து மரியாதையாக நின்றார். வேறு வழியில்லாமல் குழாய் விஷயத்தை அவரிடம் முழுவதும் சொன்னேன். ஒருவர்தானே, நன்றாகவே வந்தது. கேட்டு முடித்துவிட்டு அவர், "எங்க தெருவுலயும் இதே கஷ்டம்தாங்க. அதையும் கொஞ்சம் சேர்த்துச் சொல்லிடுங்க" என்றார். "சரிங்க" என்றேன்.

மைத்துனர் நான்கு பக்கம் எழுதிக் கொடுத்தார். அதில் மூன்றரைப் பக்கம் நன்றி. சேர்மனில் தொடங்கி, விசிறி போடுகிறவர் வரைக்கும் நன்றி இருந்தது. குழாய் ஒரே ஒரு இடத்தில் வந்தது, அதற்கும் நன்றி. நான் அதை வைத்துவிட்டு, என் முழுக்கைச் சட்டையின் கைப்பட்டிக்கு உள்பக்கம், துணியில் கோடு போடும் சாக்குக்கட்டியால் மூன்று வரி எழுதிக்கொண்டேன். மறந்தால் கையைத் திருப்பிப் பார்த்துக்கொள்ளலாம்.

கூட்டத்தன்று பார்வையாளர் பெஞ்சில் எங்கள் சந்துப் பெண்கள் பன்னிரண்டு பேர் வந்து உட்கார்ந்திருந்தார்கள். முதல் வரிசையில் என் மனைவி. சேர்மன் எங்கள் பொருளின் எண்ணைச் சொல்லி என்னைப் பார்த்தார். எழுந்தேன். கைப்பட்டியைத் திருப்பினேன். மூன்று வரியும் வியர்வையில் கரைந்து ஒரு வெள்ளைத் தீற்றலாக இருந்தது.

எதிரில் சபை, பின்னால் சந்து. வாயைத் திறந்தேன். அந்தக் கட்டடத்துக்குள் என் வாய்க்குத் தெரிந்த ஒரே வார்த்தை தானாக வெளியே வந்தது.

"ஆமோதிக்கிறேன்."

சபை இடிந்து விழுவதுபோலச் சிரித்தது. சேர்மன் கண்ணைத் துடைத்துக்கொண்டு, "எதைங்க? இன்னும் யாரும் பிரேரேபிக்கவே இல்லையே!" என்றார்.

வக்கீல் எழுந்தார். "தலைவர் அவர்களே, பிரேரணை இல்லாத ஆமோதிப்பு செல்லாது. அடுத்த பொருளுக்குப் போகலாம்."

அவர் சொன்னது முழுக்க முழுக்க நியாயம். நான் உட்காரப் போனேன். பக்கத்து நாற்காலி கிறீச்சிட்டது. பாய் எழுந்து நின்றிருந்தார். அவர் எழுந்து யாரும் பார்த்ததில்லை.

"அப்ப நான் பிரேரேபிக்கறேன்" என்றார்.

"நானும்" என்றார் ரேடியோ வேண்டும் என்றவர். "நானும்" என்றார் வேண்டாம் என்றவர். படிக்காமல் கையெழுத்துப் போட்டவர், "என்னதுன்னு தெரியல, ஆனா நானும்" என்றார். எட்டுப் பத்துப் பேர் நின்றுகொண்டிருந்தார்கள்.

"உக்காருங்க, உக்காருங்க" என்றார் சேர்மன். "ஒருத்தர் போதும், மினிட்ல இடமில்லை."

வக்கீல் விடவில்லை. "காரணம் சொல்லணுமே? எந்தக் காரணத்துக்காகத் தீர்மானத்தை மாத்தறது?"

பாய்க்கு எங்கள் சந்தின் விவரம் தெரியாது. நிதானமாக உட்கார்ந்து கண்ணை மூடிக்கொண்டார். எல்லாரும் என்னைப் பார்த்தார்கள். நான் கைப்பட்டியைப் பார்த்தேன். அப்போது பின்னால் பெஞ்சில் ஒரு குரல் எழுந்தது.

"காரணம் நாங்கதாங்க. ஐம்பது வீட்டுக்கு ஒரே குழாய். இதோ உக்காந்திருக்கோம், எண்ணிப் பாத்துக்குங்க."

என் மனைவி. சேர்மன் மணியை அடித்தார். "அம்மா, பார்வையாளர் பேசக்கூடாது. அது கணக்குல வராது. மெம்பர் யாராவது சொன்னாத்தான் எடுத்துக்க முடியும்."

நான் நிமிர்ந்தேன். அதுவரை அந்தச் சபையில் நான் எத்தனையோ ஆமோதித்திருக்கிறேன். ஒன்றையும் முழுவதும் கேட்டுவிட்டு ஆமோதித்ததில்லை. இதைக் கேட்டிருந்தேன்.

"அந்த அம்மா சொன்னதை நான் ஆமோதிக்கிறேன்" என்றேன்.

இந்தத் தடவை யாரும் சிரிக்கவில்லை. பிறகு எல்லாரும் சேர்ந்து மேஜையைத் தட்டினார்கள். சேர்மன் வக்கீலைப் பார்த்தார். வக்கீல் கொஞ்ச நேரம் தாளைப் புரட்டிவிட்டு, "எனக்கு ஆட்சேபணை இல்லை. என் பையன் கல்யாணக் கோட்டு இவர்கிட்டதான் இருக்கு. அதை மட்டும் சீக்கிரம் குடுக்கச் சொல்லுங்க" என்றார்.

குழாய் எங்கள் சந்துக்கே திரும்பியது.

மாலையில் பெண்கள் முன்னால் பேசிக்கொண்டே போக, நானும் மனைவியும் பின்னால் நடந்தோம். சந்து முனை வந்ததும் அவள் சொன்னாள்.

"நல்லாப் பேசினீங்க."

"ஒரு வார்த்தைதானே."

"ரெண்டு தடவை சொன்னீங்களே."

துணிச்சல் வந்து கேட்டேன். "அப்ப காலையில குடம்?"

"குழாய் வர்ற வரைக்கும்னு சொன்னேன். தீர்மானம் வர்ற வரைக்கும்னு சொல்லலை."

"சரி" என்றேன்.

மறுநாள் காலை ஐந்து மணிக்கு இரண்டு குடத்தையும் எடுத்துக்கொண்டு மூலைக் குழாய்க்குப் போனேன். எனக்கு முன்னால் ஆறு பேர் இருந்தார்கள். ஏழாவதாக நின்று இரண்டு குடமும் பிடித்துவந்தேன். பிறகு கடையைத் திறந்து கோட்டுக் கையைப் பிரித்தேன்.